வீட்டுக்கு ஒரு மடை

சென்ற ஐப்பசி மாதத்துத் தேய்பிறைப் பிரதோஷம். திருக்கழுக்குன்றத்தில் குடியிருக்கும் எங்களுக்குப் பிரதோஷ நாளென்றால் பிற்பகல் மூன்று மணிக்கே வீட்டில் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். தாழக்கோயிலில் நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் தொடங்குமுன் சந்நிதியில் ஓர் ஓரமாக இடம்பிடித்து அமர்ந்துவிட வேண்டும் என்பது என் மனைவியின் பல ஆண்டுப் பழக்கம். மலைக்கோயிலுக்கு ஏறுவது இருவருக்கும் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால்கள் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் கீழே பக்தவத்சலேசுவரர் சந்நிதியையும் திரிபுரசுந்தரி அம்மையையும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறோம்.

அன்று அவள் வில்வம் ஆய்ந்து, அபிஷேகப் பாலைத் தூக்கில் ஊற்றி மூடிவிட்டு, மேல்தொட்டியில் நீர் குறைந்திருக்கிறதே என்று மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தாள். நான் திருநீறு அணிந்து, வெளுத்த வேட்டியை எடுத்து உதறிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் ‘டப்’ என்று ஓர் ஒலி. தேங்காய் உடைத்தாள் போலும் என்று நினைத்தேன். அடுத்த கணம், “என்னங்க, ஓடி வாங்க!” என்று குரல் கேட்டது.

பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு அடியில் சுவரிலிருந்து வரும் குழாய் முனை, அதில் பொருத்தியிருந்த ஆங்கிள் காக்கோடு சேர்ந்து முறிந்து விழுந்திருந்தது. சுவரின் துளையிலிருந்து நீர் கிடையாகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் மோதிக்கொண்டிருந்தது. ஒரு குழாய் கெட்டால் அடைப்பதற்கென்றே அந்த ஆங்கிள் காக்கை வைத்திருக்கிறார்கள். அதுவே கையோடு வந்துவிட்டால் எதை அடைப்பது? எங்கள் பகுதி நீர் உப்புநீர். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த மரையில் உப்புப் படிந்து, இரும்பு உள்ளுக்குள்ளேயே பொரிந்து போயிருக்கிறது. அது எங்கள் கண்ணில் படவேயில்லை.

அடுத்த சில நிமிடங்களில் நாங்கள் செய்தவை எல்லாமே தவறானவை. அவற்றை மறைக்காமல் எழுதுகிறேன். முதலில் துளையைக் கையால் பொத்தினேன். நீர் விரலிடுக்குகளில் விசிறியாகப் பிரிந்து என் முகத்திலும் குளிர்பெட்டியின் மேலும் அடித்தது. அப்போதுதான் குளிர்பெட்டியின் மின் இணைப்பு நினைவுக்கு வந்தது. கணுக்காலளவு நீரில் நின்றபடியே ஈரக் கையை சுவிட்சை நோக்கி நீட்டினேன். என் தோளிலிருந்த துண்டைப் பிடித்து இழுத்தாள் என் மனைவி. “கை ஈரம்! தொடாதீங்க!” அந்த இழுப்பில் அவளே வழுக்கி, கதவைப் பற்றிக்கொண்டு ஒருவாறு நின்றாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என் வாழ்வு இன்று எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் அச்சமாக இருக்கிறது. மகன் வெளிநாட்டில். மகள் சென்னையில். வீட்டில் இருப்பது எழுபத்திரண்டு வயதும் அறுபத்தெட்டு வயதும்தான்.

வாசல் சுவரில், நீர் எட்டாத இடத்தில், வீட்டு மின்சாரம் முழுவதையும் ஒரே இழுப்பில் நிறுத்தும் மெயின் சுவிட்சு இருக்கிறது. அது எங்கள் இருவர் நினைவுக்கும் வரவில்லை.

“மேல போய் தொட்டியை மூடுங்க” என்றாள். ஆம், மொட்டை மாடியில் தொட்டியின் அடியில் சக்கரம் போன்ற பிடியுடன் ஒரு வால்வு உண்டு. வீடு கட்டியபோது வேலை செய்தவர் அதைக் காட்டியது மங்கலாக நினைவிருந்தது. அன்றைக்குப் பிறகு நான் அதைத் தொட்டதில்லை. படியேறி மாடிக்கு வந்தேன். தொட்டி நிற்கும் மேடைக்கு ஏற இன்னும் ஆறு இரும்புப் படிகள். ஈரக் காலோடு அதிலும் ஏறினேன். ஏறியது மடமை. எங்கள் மாடியிலிருந்து வேதகிரீசுவரர் மலையும் அதன் உச்சிக் கோபுரமும் தெளிவாகத் தெரியும். சிறுவனாக இருந்த காலத்தில் உச்சிப் பொழுதில் கழுகுகள் வந்து அமுதுண்ணும் காட்சியைத் தந்தையாரின் கைபிடித்து நின்று கண்டிருக்கிறேன். அவை வருவது நின்று பல்லாண்டுகள் ஆயின. அன்று மலையைப் பார்த்து, “சுவாமி, இந்தச் சக்கரம் திரும்ப வேண்டும்” என்று மட்டும் வேண்டினேன்.

சக்கரம் திரும்பவில்லை. துண்டைச் சுற்றிப் பிடித்து முழு வலுவோடு திருகினேன். திடீரென்று இலகுவாகச் சுழன்றது. ஈசன் அருள் என்று மகிழ்ந்தேன். கீழிருந்து அவள், “நிக்கலையே!” என்று கூவினாள். மேலும் சுற்றினேன், சக்கரம் சுற்றிக்கொண்டேயிருந்தது. உள்ளே கதவை ஏற்றி இறக்கும் தண்டு முறிந்துவிட்டது என்பது மறுநாள்தான் விளங்கியது. வெறும் சக்கரம் என் கையில் சுழன்றது, கதவு திறந்தே கிடந்தது.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் ‘சோ’வென்று நீர் விழும் ஒலி என் காதருகிலேயே கேட்டது. மோட்டார் ஓடுகிறது, ஒரு பக்கம் நாமே நிரப்பிக்கொண்டு மறுபக்கம் அடைக்கப் போராடுகிறோம் என்ற எளிய கணக்கு, கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதிய எனக்குத் தோன்றவில்லை.

அதைச் சொன்னவர் பூக்கார அம்மாள். பிரதோஷத்துக்கு மாலை கொண்டுவந்தவர் வாசலில் ஓடும் நீரைக் கண்டு உள்ளே வந்துவிட்டார். என் மனைவியைவிட மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. கீழிருந்தே அவர் குரல் கேட்டது: “அம்மா, மோட்டார் சத்தம் கேக்குதே! முதல்ல அதை நிறுத்துங்க. வர்ற தண்ணியை நிறுத்தாம போற தண்ணியை எப்படி நிறுத்துவீங்க?”

அவரே என் மனைவியின் கையைத் துணியால் துடைத்து, வாசலுக்கு அழைத்துப்போய் மெயினை இறக்கச் செய்தார். மோட்டார் ஓய்ந்தது. எதிர்வீட்டுப் பையன் ஓடிவந்தான். ஐ.டி.ஐ.யில் படிப்பவன். என்னை மெல்லக் கீழே இறக்கிவிட்டு அவன் ஏறினான். வால்வைப் பார்த்து, “தாத்தா, இது போயிடுச்சு. தொட்டி காலியாகிற வரைக்கும் ஓடத்தான் செய்யும்” என்றான். அப்போது தொட்டியில் பாதிக்கு மேல் நீர் இருந்தது.

பூக்கார அம்மாள் மாடிப்படியில் பாதி ஏறி நின்று சொன்னார்: “வெளியே அடைக்க முடியலைன்னா உள்ளே அடை, கண்ணு. தொட்டிக்குள்ள கையை விட்டு ஓட்டையைத் தேடு. தண்ணி இழுக்கிற இடத்துல கை தானா போகும். துணியை மட்டும் வெக்காதே, உள்ளே இழுத்துக்கிட்டுப் போயிடும். ஒரு கோல்ல சுத்தி வெச்சுச் சொருகு.”

அடுக்களையில் மிதந்துகொண்டிருந்த கீரை மத்தை எடுத்துக் கொடுத்தாள் என் மனைவி. அதன் காம்பில் என் துண்டின் கிழிசலைச் சுற்றி நூலால் இறுகக் கட்டினார் அந்த அம்மாள். பூக்கட்டும் கையல்லவா, முடிச்சு அவிழவில்லை. பையன் மூடியைத் திறந்து, தோள்வரை உள்ளே கவிழ்ந்து, துளையைத் தேடிச் சொருகினான். நீரின் எடையே அந்த அடைப்பை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டது. அடுக்களையில் பாய்ந்த நீர் மெலிந்து, வடிந்து, சொட்டாகி, நின்றது. மணி நான்கு பத்து. குழாய் முறிந்தபோது மூன்று இருபது. நல்லவேளையாக எங்கள் தொட்டி மூன்றடி உயரச் செங்கல் தொட்டி. ஆளுயரக் கறுப்புத் தொட்டியாக இருந்தால் இந்த உபாயம் ஆகாது, அதற்குள் தலைகவிழ்வதும் ஆபத்து.

அன்று நாங்கள் பிரதோஷத்துக்குப் போகவில்லை. தூக்கில் இருந்த பாலையும் வில்வத்தையும் பூக்கார அம்மாளே எடுத்துச் சென்று சேர்ப்பித்தார். இரவு ஏழு மணிக்குத் திருநீற்றுப் பிரசாதத்தோடு திரும்பியும் வந்தார். அதற்குள் நாங்கள் துடைப்பத்தாலும் கோணியாலும் நீரை வாசலுக்குத் தள்ளியிருந்தோம். ஆனால் பூசையறையை யாரும் கவனிக்கவில்லை.

பூசையறை அலமாரியின் கடைசித் தட்டு தரையை ஒட்டியது. அங்கே விரலளவு நீர் நின்றிருந்தது. பஞ்சாங்கங்களும் தல புராணப் பிரதி ஒன்றும் நனைந்தன, போகட்டும், அவை கடையில் கிடைக்கும். அவற்றுக்கு அடியில் என் தந்தையாரின் நீளக் கணக்கு நோட்டு இருந்தது. நம் ஊரில் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கு தோன்றுவதை வாசகர் பலரும் அறிவர். வழிபட வந்த மார்க்கண்டேயர், அபிஷேகத்துக்கு நீர் முகக்கப் பாத்திரமின்றி நின்றபோது, குளத்து நீரிலேயே இறைவன் சங்கைத் தோற்றுவித்தருளினான் என்பது தல வரலாறு. தந்தையார் தம் வாழ்நாளில் சங்கு வெளிப்பட்டபோதெல்லாம் நாள், நட்சத்திரம், படிக்கட்டில் கூடிய கூட்டம், சங்கு மேளதாளத்தோடு கோயிலுக்குச் சென்ற வழி அனைத்தையும் அந்த நோட்டில் எழுதிவைத்திருந்தார். தம் தந்தையார் சொல்லக் கேட்ட ஒரு முறையையும் குறித்திருந்தார்.

நோட்டைப் பிரித்தபோது நீலப் புகைபோல் ஒன்று பரவியிருந்தது. எழுத்து இல்லை. தந்தையார் சங்கைப் பற்றி எழுதியதெல்லாம் ஊற்றுப்பேனாவில், நல்ல மையில். முக்கியமானவற்றுக்கு மை, அன்றாடத்துக்குப் பென்சில் என்பது அவர் வழக்கம். பென்சிலில் எழுதிய பால் கணக்கும் வண்ணான் கணக்கும் ஒரு புள்ளி குறையாமல் அப்படியே இருக்கின்றன. ஒரு படி பால் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை இன்றும் படிக்கலாம். சங்கு வந்த நாளைப் படிக்க முடியாது.

என் மனைவி பக்கங்களை வெயிலில் காயவைக்கப் போனாள். மகள் தொலைபேசியில் தடுத்தாள். ஒட்டிய பக்கங்களைப் பிரிக்காதீர்கள், பிரிந்திருக்கும் இடங்களில் மட்டும் வெள்ளைத்தாள் செருகுங்கள், நிழலில் மின்விசிறிக் காற்றில் வையுங்கள், தாள் நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள் என்றாள். அப்படியே ஐந்து நாள் செய்தோம். தாள்கள் பிழைத்தன. மை திரும்பவில்லை.

அந்த ஐந்து நாளும் என் மனத்தை அரித்தது ஒன்றே. நீரை வரவழைக்க எனக்குத் தெரிந்திருந்தது, நிறுத்தத் தெரியவில்லை. என் இளமையில் எங்கள் வீட்டில் கிணறு இருந்தது. கிணறு தானாகப் பொங்கிக் கூடத்துக்குள் வராது. இராட்டினத்தில் கை நின்றால் நீர் நின்றது. தாமதமாக எழுந்தால் குளிக்க நீரில்லை, அவ்வளவே. குழாய் அப்படியன்று. நாம் நிறுத்தும்வரை அது வந்துகொண்டே இருக்கும், நாம் உறங்கினாலும் ஊரில் இல்லாவிட்டாலும். கிணற்றிலிருந்து குழாய்க்கு மாறியபோது இந்த வேறுபாட்டை எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, திறந்தால் வருகிறதே என்ற மகிழ்ச்சியில் இருந்துவிட்டோம்.

பூக்கார அம்மாளிடம், “இந்த உபாயம் உமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். அவர் தந்தையார் ஏரிக்கரை ஊரொன்றில் நீர்கட்டியாக இருந்தவராம். இன்றைய இளையோருக்கு இந்தச் சொல்லே தெரியாது. ஏரியின் மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்துப் பாய்ச்சுவதும் நீர்கட்டியின் பணி. அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். நள்ளிரவில் மழை வலுத்தால் கரைக்குப் போக வேண்டியவர் அவரே. “எங்கப்பா இருட்டுல கண்ணை மூடிக்கிட்டுப் போய் மடையைத் தொடுவாரு” என்றார் அந்த அம்மாள்.

பழைய ஏரிகளில் குமிழித் தூம்பு என்று ஓர் அமைப்பு உண்டு. கரையை ஒட்டி ஏரிக்குள்ளே இரண்டு கற்றூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் நீருக்குள் ஒரு கல்தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை, துளையை அடைக்க ஒரு குழவி. குழவியைத் தூக்கினால் நீர் கரைக்கு அடியிலுள்ள கால்வாய் வழியே வயலுக்குப் போகும். இறக்கினால் நிற்கும். நீர் மிகுந்திருக்கும்போது மூழ்கிப் போய்த்தான் இதைச் செய்ய வேண்டும். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே தூம்பு பேசப்படுகிறது. எங்கள் மாடியில் எதிர்வீட்டுப் பையன் மத்தைச் சொருகியது ஏறக்குறைய அதுதான். உள்ளிருந்து அடைத்தால் நீரின் எடை நமக்குத் துணை, வெளியிலிருந்து அடைத்தால் அதுவே பகை. எழுத்தறியாத அந்த அம்மாளுக்கு இது தெரிந்திருந்தது.

எங்கள் செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. இங்கே நீரை நிறுத்தவும் விடவும் தனி ஆட்களையும் சபைகளையும் வைத்திருந்தார்கள். செங்கற்பட்டுக்கு மேற்கே உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறைக்காக அவற்றைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம் என்பதைப் பாடத்தில் படித்துவிட்டு மறந்துவிட்டோம். ஏரியைக் காப்பதற்கென்றே ஊரார் ஓராண்டுக்கு ஆள் நியமித்தார்கள். வாரியத்தில் அமர முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது விதி. எனக்கு இரண்டு வயது கூடுதல். அன்று நான் இரும்புப் படியில் ஏறியதைப் பார்த்தால் அந்த விதியின் நியாயம் புரியும்.

மதுராந்தகத்து ஏரிகாத்த ராமரை அறியாதவர் எங்கள் பக்கத்தில் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இப்பகுதியின் கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ் துரை. மழைக்காலந்தோறும் ஏரிக்கரை உடைய, அவர் அதைச் செப்பனிடச் செய்தார். தாயார் சந்நிதியைத் திருப்பணி செய்து தருமாறு கோயிலார் வேண்டியபோது, உங்கள் தெய்வம் இந்தக் கரையைக் காத்துத் தரட்டும் பார்க்கலாம் என்றாராம். 1798-ஆம் ஆண்டுப் பெருமழையில் ஓர் இரவு, கரை என்னவாயிற்றோ என்று பதறி, கொட்டும் மழையில் அவரே பார்க்கப் போனார். கரைமேல் வில்லேந்திய இரு வீரர்கள் காவல் நிற்கக் கண்டார், கரை உடையவில்லை, ஜனகவல்லித் தாயார் சந்நிதியை அவர் கட்டிக்கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. இந்தக் கதையைப் பலமுறை உபந்நியாசங்களில் கேட்டு மெய்சிலிர்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் என் மனம் வேறோர் இடத்தில் நிற்கிறது. நள்ளிரவில், மழையில், அந்த அந்நியர் தாமே கரைக்குப் போனார் அல்லவா? போனதால்தானே கண்டார்? கரையும் அதற்கு முன்பே செப்பனிடப்பட்டிருந்ததே! நான் பத்தொன்பது ஆண்டுகளில் ஒருநாள்கூட மேல்மேடைக்கு ஏறி அந்தச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்காதவன்.

நம் கோயில்களைப் பாருங்கள். அபிஷேக நீர் எவ்வளவு ஆனாலும் கருவறையில் தேங்குவதில்லை. ஆவுடையாரில் இறங்கி, வடபுறக் கோமுகி வழியே வெளியேறும். நீர் வரும் இடம் எதுவானாலும் போகும் இடத்தை முதலில் வகுத்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பழைய வீட்டிலும் முற்றத்தில் சலதாரை இருந்தது. புதிய வீட்டில் பளபளக்கும் தரை போட்டோம், அடுக்களையில் நீர் வடிய ஒரு வழி விடவில்லை. அழகு கெடும் என்று சொன்னவன் நானே.

மறுநாள் பிளம்பர் வந்தார். இளைஞர், பொறுமைசாலி. புதுக் குழாய் பொருத்துமுன், தொட்டியின் அடைப்பை எடுக்கச் செய்து, திறந்த துளைக்கு நேரே பதினைந்து லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தேன். பழைய தொழிற்புத்தி. நாற்பது விநாடியில் நிரம்பியது. மணிக்கு 1350 லிட்டர். ஐம்பது நிமிடத்துக்கு 1125 லிட்டர். அரை அங்குலக் குழாய்தானே என்று எளிதாக எண்ணியிருந்தேன். இதை மகளிடம் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசவில்லை. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையில் அவள் வீட்டில் குடத்துக்குக் காத்திருந்தவள். அந்த ஆண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் இரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். மழை வேண்டிக் கோயில்களில் யாகம் நடந்த ஆண்டு அது. “அப்பா, அப்ப இவ்வளவு தண்ணி எங்களுக்கு ஒரு வாரம் வந்திருக்கும்” என்றாள்.

பிளம்பர் சொன்னவற்றையும் அன்று நாங்கள் பட்டவற்றையும் என் வயதொத்த வாசகர்களுக்குச் சொல்லிவைக்க விரும்புகிறேன். என்னைப் போல் நீரில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டாம்.

குழாய் உடைந்தால் துளையை நோக்கி ஓடாதீர்கள். காய்ந்த கையோடு, காய்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சை இறக்குங்கள். மோட்டாரும் கீசரும் அதோடு நின்றுவிடும். மோட்டாருக்குத் தனி இணைப்பு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மின்பலகையே நனைந்திருந்தால் அதை அணுகாதீர்கள், வெளியே வந்து ஆள் அழையுங்கள். பிறகு மேல்தொட்டி வால்வு. சக்கரப் பிடியானால் கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால் மூடும். கைப்பிடி நீளமாக உள்ள பால் வால்வானால் பிடி குழாயோடு ஒரே நேராக இருப்பது திறப்பு, குறுக்காக நிற்பது அடைப்பு. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம், இருட்டில் தடவியும் சொல்லலாம். வால்வை மூடியபின் வாசற்புறத்திலோ தோட்டத்திலோ உள்ள தாழ்ந்த குழாய் ஒன்றைத் திறந்துவிட்டால், குழாய்களுக்குள் நிற்கும் மிச்ச நீர் வீட்டுக்குள் வராமல் அங்கே வடிந்துவிடும். இது எனக்குப் புதுச் செய்தி. நீர் மீண்டும் முறையாக வரும்வரை கீசரைப் போடக்கூடாது என்றும் அவர் வற்புறுத்தினார்.

உப்புநீர் ஊர்களில் பழைய சக்கர வால்வைத் தொடாமலே வைத்திருந்தால் இறுகிவிடுமாம், தேவைப்படும் நாளில் முறியுமாம். என் கையில் முறிந்ததே சான்று. மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் இறுகாது. ஆனால் என் போன்றோர் மாதந்தோறும் ஏணி ஏறுவது எப்படி? இதற்கு அந்த இளைஞர் சொன்ன வழி எனக்குப் பிடித்தது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், மாடிப்படிக்குக் கீழே, என் மார்பளவு உயரத்தில் இன்னொரு பால் வால்வைப் பொருத்தினார். அதற்குச் சிவப்பு வண்ணம் பூசினேன். அதன்மேல் சுவரில் ‘வீட்டு நீர் முழுவதும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். என் மனைவி மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டுமே. மேலேயும் பழைய வால்வை மாற்றியாயிற்று. மொத்தச் செலவு, அந்த நோட்டை நினைத்தால், சொல்லும்படியான தொகையன்று.

எதிர்வீட்டுப் பையனுக்கும் பூக்கார அம்மாளுக்கும் வால்வு இருக்கும் இடத்தைக் காட்டினோம். நாங்கள் ஊரில் இல்லாத நாளில் அடைக்க வேண்டி வந்தால் யாராவது அறிந்திருக்க வேண்டாமா? பூக்கார அம்மாள் பிடியை ஒருமுறை குறுக்கே திருப்பி, மறுபடி நேராக்கி, “குழந்தைகூட அடைக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

நோட்டைப் புதுத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்திருக்கிறேன். தந்தையார் எழுதியவற்றில் எனக்கு நினைவிருந்தவற்றைப் பென்சிலால் வேறொரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நாள் நட்சத்திரங்கள் நினைவில் இல்லை. தந்தையாரின் தோளில் அமர்ந்து நான் பார்த்த ஒரு முறை மட்டும் சற்று விரிவாகவே வருகிறது. குளத்து நீரின் பச்சை, திடீரென்று எழுந்த ஆரவாரம், தாம்பாளத்தில் பூவுக்கு நடுவே சேறு கழுவாத சின்னஞ்சிறு சங்கு. கார்த்திகைக் கடைசிச் சோமவாரத்தில் மலைமேல் சங்காபிஷேகம் நடந்த அன்று, கீழே தெருவில் நின்று கும்பிட்டுவிட்டு வந்து அதை எழுதினேன்.

வால்வை அமாவாசைதோறும் மூடித் திறப்பது என்று வைத்துக்கொண்டோம். திதியென்றால் மறக்காது. தர்ப்பணம் முடிந்து எழும்போதே நினைவு வந்துவிடும். சென்ற அமாவாசையன்று தர்ப்பணம் முடித்து, மாடிப்படிக்குக் கீழே போய், பிடியைக் குறுக்கே திருப்பினேன். பட்டுப்போல் திரும்பியது. மனநிறைவோடு வந்து காக்கைக்குச் சோறு வைக்கக் காத்திருந்தேன். கால்மணி நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, குழாய்ல தண்ணியே வரலையே! மூடினீங்களே, திறந்தீங்களா?”